குமரியில் திருநங்கைத் தோழமைக் குழு நடத்துவது எப்படி: புதிதாக வருவோருக்கான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் வாழும் திருநங்கைகளில் பலர் உடம்புக்கு முடியாமல் போனாலும் மருத்துவமனைக்குப் போவதை நாளைக்கு, மறுநாளைக்கு என்று தள்ளிப்போடுகிறார்கள். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் காசு கிடையாது, மருந்தும் இலவசம். இருந்தும் ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கும்போது எத்தனை கண்கள் தன்னை மேலும் கீழும் பார்க்கும் என்ற நினைப்பே காலைக் கட்டிப்போட்டு விடுகிறது. இதை அறிவுரையால் மட்டும் மாற்ற முடியாது என்பது என் உறுதியான கருத்து. அவமானம் ஒரு பக்கம், நோய் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துப் பேசும் வரை எந்த விழிப்புணர்வு முகாமும் நம் ஆட்களின் மனத்துக்குள் இறங்காது. இரண்டையும் ஒரே இடத்தில், அதே வாழ்க்கையை வாழ்ந்த ஒரு திருநங்கையே முன்னின்று பேச வைக்கும் முறைதான் தோழமைக் குழுச் சிகிச்சை. மாவட்டத்தில் இதைத் தொடங்க விரும்பும் சகோதரிகளுக்காகவும், அவர்களுக்குத் துணை நிற்க விரும்பும் செவிலியர், ஆலோசகர், தொண்டு அமைப்பினர் ஆகியோருக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இந்த முறைக்குப் பின்னால் உள்ள சிந்தனையை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. தொடர்ந்து ஏளனத்துக்கும் புறக்கணிப்புக்கும் ஆளாகிறவர்களுக்கு, மற்றவர்களுக்கு இல்லாத கூடுதல் மன அழுத்தம் ஒன்று எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது என்றும், அதுவே மனச்சோர்வுக்கும் உடல்நலக் கேட்டுக்கும் வழிவகுக்கிறது என்றும் அமெரிக்க ஆய்வாளர் இலன் மேயர் 2003-இல் விரிவாக எழுதினார். வெளியே கேட்கும் ஏச்சு ஒரு கட்டத்தில் உள்ளே குடியேறி, நம் குரலாகவே நம்மிடம் பேசத் தொடங்குகிறது. ‘எனக்கெல்லாம் எதற்கு மருந்து’ என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் இளம் திருநங்கைகளுக்காகச் சக திருநங்கைகளே நடத்திய ஆறு அமர்வுத் திட்டம் ஒன்றின் முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. வழக்கமான பரிசோதனையும் ஆலோசனையும் மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், அத்திட்டத்தில் சேர்ந்தவர்களிடம் ஓராண்டு கழித்து ஆணுறையில்லா உறவு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலாகக் குறைந்திருந்தது. நம் நாட்டிலேயே கோவாவில் சங்கத் அமைப்பு நடத்திய ஆய்வு, மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் தகுந்த பயிற்சியோடும் மேற்பார்வையோடும் மனச்சோர்வுக்கு எளிய உளவியல் சிகிச்சை அளிக்க முடியும் என்று நிறுவியது. பயிற்சி, மேற்பார்வை என்ற இரண்டு சொற்களையும் நினைவில் வையுங்கள். அவை இல்லாத இடத்தில் இது சிகிச்சை ஆகாது, வெறும் பேச்சாகவே நின்றுவிடும்.

முதற்படி: நடத்துபவரைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு பேர் தேவை. ஒருவர் பேச்சை நடத்தும்போது மற்றவர் முகங்களைக் கவனிக்க வேண்டும். அழுது எழுந்து வெளியே போகிறவரின் பின்னால் போக ஒருவர் இருக்க வேண்டும். நன்றாகப் பேசத் தெரிந்தவரைவிடப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். தன் வாழ்க்கைக் காயம் இன்னும் பச்சையாக இருப்பவர் முதலில் உறுப்பினராக வந்து உட்காரட்டும். நடத்தும் பொறுப்பைப் பிறகு ஏற்கலாம்.

இதில் நம் சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கலை நேராகப் பேசியாக வேண்டும். ஜமாத் எனப்படும் நம் திருநங்கைக் குடும்ப அமைப்பில், தத்தெடுக்கும் மூத்தவரான குருவும் அவர் மகள்களும் என்ற உறவு பலருக்கு வீடு. பெற்ற வீடு கதவடைத்தபோது சோறு போட்டது அந்த வீடுதான். ஆனால் குரு உட்கார்ந்திருக்கும் இடத்தில் மகள் தன் வருமானத்தையோ, குடிப்பழக்கத்தையோ, வாடிக்கையாளர் ஆணுறை வேண்டாம் என்று கூடுதல் பணம் நீட்டியதையோ மனம் திறந்து சொல்ல மாட்டாள். எனவே ஒரே வீட்டின் குருவும் மகளும் ஒரே குழுவில் இருக்கக் கூடாது. குழுவை நடத்துபவர் அதில் உள்ள எவருக்கும் குருவாக இருக்கக் கூடாது. அதே சமயம் பெரியவர்களைக் கேட்காமல் அவர்கள் மகள்களைக் கூட்டினால் குழு இரண்டாம் அமர்வைக்கூடத் தாண்டாது. முறைப்படி நேரில் போய், அம்மா என்றும் நானி (பாட்டி) என்றும் எந்த முறை வைத்து அழைப்பீர்களோ அப்படியே அழைத்து, என்ன பேசப்போகிறோம் என்பதை விளக்கி ஆசி பெறுங்கள். பெரியவர்களுக்கென்று தனிக் குழு ஒன்று நடத்துவதாகவும் சொல்லுங்கள். சொன்னபடி நடத்துங்கள், ஏனென்றால் முதுமையில் தனிமையும் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் அவர்களைத்தான் வாட்டுகின்றன.

நடத்துபவர்கள் இருவரும் தொடங்குவதற்கு முன்பே மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அல்லது உளவியலாளர் ஒருவரைச் சந்தித்து, மாதம் ஒருமுறையாவது வழிகாட்ட ஒப்புதல் பெற வேண்டும். அந்த மருத்துவர் நம்மை மாற்றிவிடலாம் என்று நினைப்பவராக இருந்தால் வேறொருவரைத் தேடுங்கள். பாலின அடையாளத்தை மாற்ற முயலும் சிகிச்சைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை விதித்தது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் அதைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது.

இரண்டாம் படி: இடமும் நாளும்

எட்டு முதல் பத்துப் பேர் போதும். அதற்கு மேல் போனால் பேச்சு மேடைப் பேச்சாகிவிடும். கதவு சாத்தக்கூடிய, உள்ளே பேசுவது வெளியே கேட்காத, தனிக் கழிப்பறை உள்ள அறையாக இருக்க வேண்டும். எவர் வீட்டிலும் வேண்டாம். அக்கம்பக்கத்துக் கண்கள் அங்கே தயாராக இருக்கும். வழிபாட்டுத் தலங்களை ஒட்டிய மண்டபங்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் பேய் ஓட்டவும் ஜெபிக்கவும் என்று சிறுவயதில் இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்கு அந்தச் சுவர்களே பழைய பயத்தைக் கிளப்பும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் ஆகிய மூன்று ஊர்களில் ஒன்றில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் ஒரு தொண்டு அமைப்பின் அலுவலக அறை கிடைத்தால் மிகவும் நல்லது. தமிழக அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் திருநங்கைகளுக்குக் கட்டணம் இல்லை என்பதால், டவுன் பஸ் வசதியைப் பார்த்து இடத்தை முடிவு செய்தால் வருகை கூடும்.

நாள் குறிக்கும்போது நம் பிழைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். கொடை விழாக் காலத்தில் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் இரவெல்லாம் விழித்திருப்பார்கள். சபரிமலைக் காலத்தில் கன்னியாகுமரியில் கூட்டம் பெருகும், கடை கடையாகப் போய்க் காசு கேட்பவர்களுக்கு அது வருமானக் காலம். சித்திரையில் கூவாகம் திருவிழாப் பயணம் இருக்கும். வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், காலை பதினொரு மணிக்கு மேல் என்பது பெரும்பாலும் ஒத்துவருகிறது. வருகிறவர் அன்றைய வருமானத்தை விட்டுவிட்டு வருகிறார் என்பதால் வழிச்செலவும் மதியச் சாப்பாடும் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அறிவிப்புக்காக வாட்ஸ்அப் குழு தொடங்கினால் அதன் பெயரிலோ படத்திலோ திருநங்கை என்ற அடையாளம் தெரியக் கூடாது; இன்னும் வீட்டில் சொல்லாதவர்களின் அலைபேசி தம்பி கைக்கும் தங்கை கைக்கும் போகும்.

பதினெட்டு வயது நிறையாதவர்களை இந்தக் குழுவில் சேர்க்காதீர்கள். அவர்களைத் தள்ளிவிடவும் கூடாது. சிறார் உதவி எண் 1098 வழியாகவும் மருத்துவமனை ஆலோசகர் வழியாகவும் தனியாகத் துணை செய்யுங்கள். சிறார் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம் என்பதையும் நடத்துபவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: முதல் அமர்வும் ஒப்பந்தமும்

முதல் நாள் நோயைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவரவர் விரும்பும் பெயரைச் சொல்லட்டும். அந்தப் பெயரே குழுவில் நிலைக்கட்டும். பிறகு இங்கே பேசியது இந்த அறையை விட்டு வெளியே போகாது, படம் எடுப்பதில்லை, ஒருவர் பேசும்போது குறுக்கிடுவதில்லை, குடித்துவிட்டு வருவதில்லை, விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்ற விதிகளைக் குழுவே தன் வாயால் சொல்லி எழுதட்டும். ரகசியத்துக்கு ஒரு விலக்கு உண்டு என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்: ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் நடத்துபவர் உதவி தேடியே ஆவார். நிர்வாணம் (ஆணுறுப்பை நீக்கும் அறுவை) ஆனவர், ஆகாதவர், புடவை கட்டுபவர், இன்னும் சட்டையிலேயே வருபவர் என்ற ஏற்றத்தாழ்வு நமக்குள்ளும் இருக்கிறது. அதை முதல் நாளே பேசி, இங்கே எல்லாரும் சமம் என்று ஒப்புக்கொள்ள வைக்காவிட்டால், வெளியே பட்ட அவமானத்தை உள்ளேயும் படுவார்கள்.

நான்காம் படி: அவமானத்தைப் பிரித்துப் பார்த்தல்

இரண்டாவது, மூன்றாவது அமர்வுகள் இதற்கே உரியவை, அவசரப்படாதீர்கள். தரையில் ஒரு பெரிய சார்ட் தாளை விரித்து மூன்று கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில் நடந்தது, இரண்டாவதில் அப்போது மனத்தில் ஓடியது, மூன்றாவதில் அதன் பிறகு செய்தது. எழுதத் தெரியாதவர் சொல்ல, நடத்துபவர் எழுதலாம். ஓர் அமர்வில் ஒரு தங்கை சொன்னதை அவள் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாத அளவுக்கு இங்கே தருகிறேன். ஒரு மருத்துவமனையில் சீட்டு எழுதுபவர் அவளுடைய பழைய ஆண் பெயரை உரக்க அழைத்தார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். முதல் கட்டத்தில் அதை எழுதினோம். இரண்டாவது கட்டத்துக்கு வந்தபோது அவள் வெகுநேரம் தாளையே பார்த்துவிட்டு, “நான் வந்ததே தப்பு, எனக்கு இது வேணும்” என்று மெல்லச் சொன்னாள். மூன்றாவது கட்டம்: சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தாள், அன்று இரவு குடித்தாள், புண்ணுக்கு மருந்து வாங்கவில்லை.

நடத்துபவர் இந்த இடத்தில் ஆறுதல் சொல்லத் துடிக்கக் கூடாது. முதல் கட்டத்துக்கும் மூன்றாவது கட்டத்துக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு வாக்கியத்தைச் சுட்டிக்காட்டி, “இதை உன்னிடம் முதன்முதலில் சொன்னது யார்?” என்று கேட்க வேண்டும். அப்பா, பள்ளிக்கூடத்து வாத்தியார், தெருவில் நின்ற பையன்கள் என்று பெயர்கள் வரும். அதன்பின், “உன் தங்கை ஒருத்திக்கு இதே நடந்திருந்தால் அவளிடம் என்ன சொல்வாய்?” என்று கேளுங்கள். “தப்பு அவன் பேரில், நீ ஏன் மருந்தை விட்டுவிட்டு வந்தாய், வா நான் கூட வருகிறேன்” என்று குழுவில் யாராவது ஒருவர் சொல்லியே தீருவார். அந்தப் பதிலை நடுக்கட்டத்தில் பழைய வாக்கியத்துக்குக் கீழே எழுதி, இப்படி நினைத்திருந்தால் மூன்றாவது கட்டத்தில் என்ன நடந்திருக்கும் என்று பேசுங்கள். அவமதித்தவர் செய்தது குற்றமே. அதை மனப்பயிற்சியால் மழுப்பிவிடக் கூடாது. அவருடைய குற்றத்துக்கான தண்டனையை நம் உடம்பு ஏற்கக் கூடாது என்பதற்காகவே இந்தப் பயிற்சி.

ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் அடுத்த வாரத்துக்குள் செய்ய முடிந்த சிறிய செயல் ஒன்றை அவரவர் தேர்ந்தெடுக்கட்டும்: தோவாளையில் பூக்கட்டும் தோழியைப் பார்த்துவிட்டு வருவது, அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசுவது, விட்டுப்போன தையல் வகுப்புக்குத் திரும்பப் போவது என எதுவாகவும் இருக்கலாம். சோர்ந்திருக்கும் மனம் தெளிந்த பிறகு செயல்படலாம் என்று காத்திருந்தால் அது தெளிவதே இல்லை. செயல் சிறிது சிறிதாக மனத்தை எழுப்புகிறது. இதுவும் ஆய்வில் தேறிய முறையே.

ஐந்தாம் படி: உடல்நலத்தைப் பேசுதல்

நான்காவது, ஐந்தாவது அமர்வுகளில் இதற்கு வருவோம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2017-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் பெரியவர்களிடையே எச்.ஐ.வி. பாதிப்பு 0.22 விழுக்காடு; திருநங்கைகளிடையே 3 விழுக்காட்டுக்கு மேல். இந்த எண்ணைச் சொல்லும்போது, காரணம் நம் பிறப்பு இல்லை, நாம் தள்ளப்பட்ட சூழல் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். பரிசோதனைக்கு ஒப்புதல் கேட்க வேண்டும், முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் கட்டளை. ஆபத்தான உறவுக்கு மறுநாளே சோதித்து ‘இல்லை’ என்று வந்தால் அதை நம்பிவிடக் கூடாது. மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். தொற்று இருந்தால் கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை அன்றாடம் தவறாமல் எடுத்துக்கொண்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவின் மூலம் அது மற்றவருக்குப் பரவாது. இதைக் கேட்டதும் அழுபவர்கள் உண்டு, அழட்டும். மேகப்புண் எனப்படும் சிபிலிஸ் ஊசியால் குணமாகும் என்பதையும், ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர், வழக்குத் தொடுக்க விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போய் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். அதை 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

நம் ஊருக்கென்று ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் எல்லா வீட்டிலும் இருப்பதால் ஆணுறையோடு அதையே பயன்படுத்துகிறார்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஆணுறை சில நிமிடங்களில் வலுவிழந்து கிழியும், வாசலினும் அப்படியே. நீர் அல்லது சிலிகான் அடிப்படையிலான வழவழப்புக் களிம்பே பொருந்தும். இதை வாயால் சொன்னால் போதாது. ஓர் ஆணுறையை ஊதி முடிச்சிட்டு, அதன்மேல் எண்ணெய் தடவி எல்லார் கையிலும் கொடுங்கள். சற்று நேரத்தில் அது வெடிப்பதைப் பார்த்தவர் பிறகு மறக்கவே மாட்டார். அடுத்து, ஆணுறையை மறுக்கும் வாடிக்கையாளராக ஒருவரும் அவரிடம் பேசுபவராக ஒருவரும் நடித்துப் பாருங்கள். என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பது, எப்போது பேச்சை நிறுத்திவிட்டு அந்த இடத்தை விட்டு விலகுவது என்பதை நடிப்பில்தான் பழக முடியும்.

ஹார்மோனைப் பற்றிப் பேசாமல் இந்த அமர்வை முடிக்கக் கூடாது. சீக்கிரம் மார்பு வளர வேண்டும் என்ற ஆசையில் மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரையை வாங்கி ஒரு நாளைக்குப் பல மாத்திரைகள் விழுங்கும் பழக்கம் இளையவர்களிடம் இருக்கிறது. அந்த மாத்திரைகளில் உள்ள ஈஸ்ட்ரோஜன் வகை ரத்தத்தை உறையச் செய்யும் ஆபத்து உடையது. புகைப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும் என்பதைக் குழுவில் எல்லாரும் திருப்பிச் சொல்லும் வரை சொல்லுங்கள். ஆசையைக் குறை சொல்லாதீர்கள். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் மேற்பார்வையில் ரத்தப் பரிசோதனையோடு அதே பலனைப் பத்திரமாகப் பெறலாம் என்று வழிகாட்டுங்கள். பாலினத்தை உறுதிப்படுத்தும் அறுவைச் சிகிச்சையும் தமிழக அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யப்படுகிறது. கடன் வாங்கி முகவர் வழியாகப் போனவர்கள் பிறகு சிறுநீர் பிரியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறோம்.

பரிசோதனை நாள் குழுவின் ஓர் அமர்வாகவே இருக்கட்டும். நடத்துபவர் முன்கூட்டியே நம்பிக்கை மைய ஆலோசகரிடம் பேசி நேரம் வாங்கி, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போய் வரச் செய்யுங்கள். தனியாக ஏற முடியாத படியைத் தோழியோடு ஏறிவிட முடிகிறது. முடிவைக் குழுவில் சொல்லுமாறு எவரையும் கேட்கக் கூடாது.

ஆபத்து நேரத்தில்

ஒருவர் வாழ்க்கையே வேண்டாம் என்பதுபோலப் பேசினால், அமர்வு முடிந்ததும் தனியாக அழைத்து, “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படாது. கேட்க ஆள் இருக்கிறது என்ற தெம்பே வரும். ஆம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், ஆபத்தான பொருள்களை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள், அவர் நம்பும் ஒருவரை வரவழையுங்கள், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அவரோடு உட்கார்ந்தே அழையுங்கள். எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. எனவே போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருந்துவிடாதீர்கள்.

ஆறாம் படி: காகிதங்கள்

கடைசி அமர்வில் அடையாள அட்டை, நல வாரியப் பதிவு, நாற்பது வயதைக் கடந்த ஆதரவற்றோருக்கான ஓய்வூதியம், காப்பீடு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் மாவட்ட ஆட்சியர் வளாகத்தில் சமூக நல அலுவலகத்தை அணுகி அப்போதைய விண்ணப்ப முறையைக் கேட்டு வைத்துக்கொண்டு, முடிந்தால் அலுவலர் ஒருவரையே அழைத்துப் பேசச் செய்யலாம். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர், சொத்துப் பங்கு மறுக்கப்பட்டவர், தாக்கப்பட்டவர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உதவி எண் 15100. எல்லை தாண்டிப் பாறசாலை, திருவனந்தபுரம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு, கேரளத்தின் நலத் திட்டங்கள் தனி என்பதையும் நினைவூட்டுங்கள்.

நடத்துபவரின் நலமும் பதிவேடும்

பிறர் துயரத்தை வாரந்தோறும் கேட்பவருக்குத் தூக்கம் கெடும், பழைய நினைவுகள் கிளம்பும். ஒவ்வோர் அமர்வுக்குப் பிறகும் நடத்துபவர் இருவரும் அரை மணி நேரம் தங்களுக்குள் பேச வேண்டும். மேற்பார்வை மருத்துவரிடம் தங்கள் நிலையையும் சொல்ல வேண்டும். நள்ளிரவில் எல்லார் அழைப்பையும் ஏற்கும் பொறுப்பை ஒருவரே சுமக்கக் கூடாது. எந்த நேரத்துக்கு மேல் 14416-ஐ அழைக்க வேண்டும் என்று குழுவிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த வேலைக்குச் சம்பளம் கேட்பது நியாயம். நிதி தரும் அமைப்பிடம் அதைத் திட்டத் தொகையில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

பதிவேட்டில் பெயருக்குப் பதில் அடையாள எண் மட்டும் இருக்கட்டும். பெயரும் எண்ணும் சேர்ந்த தாள் வேறு இடத்தில் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். நோய் முடிவுகளை எங்கேயும் எழுதாதீர்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் மருத்துவமனைக்குத் துணையோடு போனார்கள், எவர் வருவதை நிறுத்தினார் என்பவை போதும். இரண்டு வாரம் வராதவரைத் தேடிப் போகும் பொறுப்பு நடத்துபவருடையது. போகும்போது குழுவைப் பற்றி வாசலில் நின்று பேசாமல், அவரைத் தேநீர்க்கடைக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ வரச் சொல்லி அங்கே பேசுங்கள்.